வீட்டைச் சுற்றியுள்ள இயற்கையைப் பார்க்கப் பழகுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்குக் கிழக்கே, கண்மாய்க்கரையை ஒட்டிய ஒரு தெருவில் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் பெரியவர்களும் நானும் கரைவரை நடந்துபோய், மரமோ பறவையோ பூச்சியோ கண்ணில் பட்டதை நின்று பார்த்துவிட்டு வருவோம். புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். மாதக் கணக்கெல்லாம் எங்கள் பக்கத்தை வைத்துச் சொல்வது. உங்கள் ஊரில் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

இயற்கையைப் பார்க்கக் காட்டுக்கோ சரணாலயத்துக்கோ போக வேண்டாமா?

போகலாம், நல்லதுதான். ஆனால் அங்கே நாம் விருந்தாளி. வேடந்தாங்கலில் ஒரே காலைப் பொழுதில் ஆயிரக்கணக்கான பறவைகளைப் பார்த்துவிட்டு வரலாம். ஒரு பறவை முதல் குச்சியைக் கொண்டுவந்து வைப்பதிலிருந்து குஞ்சு பறக்கும்வரை பார்க்க வேண்டுமானால் அது வாசல் வேப்பமரத்தில்தான் நடக்கும். மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டு யானைகளைப் பின்தொடர்ந்து படம் எடுத்தவர். சென்னையில் தன் வீட்டைச் சுற்றித் திரிந்த காக்கையையும் அணிலையும் பற்றி எழுதும்போதும் அவருக்கு அக்கறை கொஞ்சமும் குறையவில்லை.

அதனால் முதலில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மொட்டை மாடி, கொல்லை, தெருமுனை மரம், பேருந்துக்குக் காத்திருக்கும் இடம், எதுவும் சரி. அங்கே 15 நிமிஷம், தினமும் முடியாவிட்டால் வாரத்தில் மூன்று நாள். இடத்தை மாற்றாதீர்கள். புது இடத்தில் எல்லாமே புதிதாகத் தெரியும், எது மாறியது என்று தெரியாது. பழகின இடத்தில்தான் நேற்று இல்லாத ஒன்று இன்று கண்ணில் படும்.

நான் இருப்பது மூன்றாவது மாடி ஃபிளாட். மரமே இல்லை. என்ன பார்ப்பது?

வானம் இருக்கிறதே. காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் பருந்துகள் வட்டமடிக்கத் தொடங்கும். சூடான காற்று மேலே எழும்பும்போது அதன் மேல் ஏறி, சிறகை அடிக்காமலே உயரம் போகும். வால் நுனி லேசாகக் கவை விட்டிருந்தால் கரும்பருந்து. உடம்பு செங்கல் நிறம், தலை வெள்ளை என்றால் செம்பருந்து. பக்கத்தில் எங்காவது நாலு பனை நின்றால் பனை உழவாரன் பறக்கும். அரிவாள் மாதிரி வளைந்த சிறகு. பனையோலையின் அடியில் கூடு ஒட்டும் பறவை அது.

வீட்டுக்குள்ளேயும் நிறைய இருக்கிறது. ஜன்னல் சட்டத்தில் குளவி கட்டிய மண்கூடு, டியூப்லைட் அருகே பல்லி. அந்தப் பல்லியை ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்: தினமும் ஒரே நேரத்தில்தான் வருகிறதா, இன்னொன்று வந்தால் துரத்துகிறதா? பால்கனியில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலைச் செடி வைத்தால் மீதி தானாக வரும். அதற்குத் தனியாகவே ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

பறவை, செடி எதற்கும் எனக்குப் பேர் தெரியாது. பேர் தெரியாமல் பார்த்து என்ன பயன்?

பேர் மெதுவாக வரட்டும். முதலில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். ‘வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே தண்ணீர் ஓரமாக நடக்கிறது’ என்று நீங்கள் எழுதிவைத்தால், அதன் பேர் வாலாட்டி என்று பிறகு ஒருவர் சொல்லும்போது சட்டென்று மனசில் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர்ப் பேர்களில் பலவும் இப்படி யாரோ நின்று பார்த்து வைத்தவை. ஆள் நடமாட்டம் கண்டதும் கத்திக் காட்டிக்கொடுப்பது ஆள்காட்டி. இலையைத் தைத்து அதற்குள் கூடு வைப்பது தையல்சிட்டு. காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பது ஆறுமணிக்குருவி. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பேர் உண்டு. அந்தச் செடியை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டுப் பாருங்கள், பூனை வந்து அதில் முகத்தைத் தேய்த்துப் புரளும்.

தெருவில் இருக்கும் பெரியவர்களிடம் கேளுங்கள். ஆடு மேய்க்கும் தாத்தாவுக்கும் வயல் வேலைக்குப் போகும் ஆச்சிக்கும் தெரிந்த பேர்கள் பல எந்தக் கையேட்டிலும் இல்லை. அவர்கள் சொல்கிற பேரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கையேட்டுப் பேரோடு பொருந்தாவிட்டாலும் அடித்துவிட வேண்டாம்.

ஆனால் பேர் கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம், அதுதான் எனக்குக் கவலை. ‘குயில்தானே’ என்று நகர்ந்துவிடுகிறோம். கூவுவது ஆண் குயில் மட்டும். உடம்பு முழுக்கக் கறுப்பு, கண் சிவப்பு. பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். அதன் குரல் ‘கிக்கிக்கிக்’ என்று வேகமாகக் கேட்கும். வருஷக்கணக்காகக் குயிலோசை கேட்டும் பெண் குயிலைப் பார்த்திராதவர்கள் எங்கள் தெருவில் பாதிப்பேர். பார்த்திருப்பார்கள், வேறு ஏதோ பறவை என்று நினைத்திருப்பார்கள்.

கறிவேப்பிலைச் செடியைப் புழு தின்கிறது. மருந்து அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன். வீட்டில் இருந்தபடியே ஓர் உயிரின் முழு வாழ்க்கையையும் பார்க்க இதைவிட எளிதான வழி எனக்குத் தெரியாது.

தளிர் இலையின் மேல் குண்டூசித் தலை அளவில் வெளிர் மஞ்சள் உருண்டை இருக்கிறதா பாருங்கள். முட்டை. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டாம்பூச்சி ஒன்று செடியைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒரு நொடி உட்கார்ந்து, வாலை வளைத்துவிட்டுப் போனதை நீங்கள் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்து இலைகளைத் தேடி வந்துதான் அது முட்டை வைக்கும். மூன்று நாலு நாளில் புழு வரும்.

சின்னப் புழு பார்ப்பதற்குக் குருவி எச்சம் மாதிரியே இருக்கும். கறுப்பில் வெள்ளைத் திட்டு, ஈரமான மினுமினுப்பு. எச்சத்தை எந்தக் குருவி கொத்தும்? கொஞ்சம் வளர்ந்ததும் எச்ச வேஷம் போதாது, உடம்பு பெரிதாகிவிட்டது. அப்போது தோலை உரித்துவிட்டு இலைப் பச்சைக்கு மாறிவிடும். தலைக்குப் பின்னால் கண் மாதிரி ஒரு குறி வேறு. ஒரு குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பு இரண்டு வெளியே வரும், ஒரு காட்டமான வாடை அடிக்கும். எறும்பையும் சின்னக் குளவியையும் விரட்ட அதற்கு உள்ள ஆயுதம் அது. ஒரு தடவை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பத் தொட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

இரண்டு வாரம் போனால் புழு தின்பதை நிறுத்திவிட்டு ஒரு குச்சியைத் தேர்ந்தெடுத்து, இடுப்பில் நூல் கட்டித் தன்னைப் பிணைத்துக்கொண்டு கூட்டுப்புழுவாகும். பச்சைத் தண்டில் என்றால் பச்சையாகவும் காய்ந்த குச்சியில் என்றால் பழுப்பாகவும் இருக்கும். மேலும் பத்து நாள் போல ஆகும். வெளியே வருவது பெரும்பாலும் காலையில். சிறகு சுருங்கி நனைந்த துணி மாதிரி இருக்கும், அது விரிந்து காயும்வரை தொடாதீர்கள்.

எல்லாப் புழுவும் பட்டாம்பூச்சி ஆகாது. எங்கள் வீட்டுச் செடியில் ஒரு வருஷம் பதினான்கு புழு எண்ணினேன், பறந்தது மூன்று. சிலவற்றைத் தையல்சிட்டு கொண்டுபோனது. ஒரு கூட்டுப்புழுவில் ஓட்டை போட்டுக்கொண்டு குட்டிக் குட்டிக் குளவிகள் வந்தன. அவற்றின் தாய் முன்பே அதற்குள் முட்டை வைத்துவிட்டிருக்கிறது. என் மகள் அன்று சாப்பிடவில்லை. ஆனால் அடுத்த வருஷமும் எண்ணுவதற்கு நோட்டை எடுத்துக்கொண்டு முதலில் வந்தது அவள்தான்.

செடி பிழைத்துக்கொள்ளும். மறுபடி தளிர்க்கும்.

எந்த மாதத்தில் எதைப் பார்க்கலாம்?

மாசியில் வேம்பு இலை உதிர்க்கும். பங்குனியில் செம்பு நிறத் தளிர், சித்திரை பிறக்கும்போது பூ. புங்கை அதே நாட்களில் எலுமிச்சைப் பச்சையில் தளிர்த்து, பூவை வழியெல்லாம் பொரி மாதிரி கொட்டி வைக்கும். வெயில் உச்சத்துக்குப் போகும்போது, தண்ணீர் இல்லாத காலத்தில், மரங்கள் புது இலை விடுவதைப் பார்க்க எனக்கு இன்னமும் ஆச்சரியமாக இருக்கிறது. சரக்கொன்றையும் அந்த வெயிலில்தான் பூக்கும். அதே சமயத்தில் காக்கை கூடு கட்டும், அதனால் குயில் விடாமல் கூவும். ஓணான் ஆணுக்குக் கழுத்தும் தலையும் சிவக்கும். யாருடைய ரத்தத்தையும் குடித்து வந்த சிவப்பு இல்லை அது, துணை தேடும் நிறம். தயவுசெய்து பிள்ளைகள் கல்லெறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனி, ஆடியில் வேப்பம்பழம் விழும். காற்று வேகமாக அடிக்கும். ஆவணி, புரட்டாசியில் ராத்திரி இடிமழை பெய்த மறுநாள் காலையில் செம்மண் தரையைக் குனிந்து பாருங்கள். வெல்வெட் துணியில் வெட்டிப் போட்ட மாதிரி சிவப்பாகத் தம்பலப்பூச்சி ஊரும். அதற்கு எட்டுக் கால். பூச்சி இனம் இல்லை, சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. அதே வாரங்களில் வடக்கிலிருந்து வாலாட்டிகள் வந்து சேரும், தகைவிலான் குருவிகள் மின்கம்பியில் வரிசை கட்டும். ஆறுமணிக்குருவியும் இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வரும். களைத்துப்போய் வீட்டுக் கொல்லையில் இறங்குவதும் உண்டு. அப்படி வந்தால் பூனை நாய் அண்டாமல் பார்த்துக்கொண்டு விட்டுவிடுங்கள், தெம்பு வந்ததும் போய்விடும்.

ஐப்பசி, கார்த்திகையில் தவளைச் சத்தம், செங்காந்தள் பூ. மார்கழிப் பனியில் புல்வெளி முழுக்கச் சிலந்தி வலை தெரியும். மற்ற மாதங்களிலும் அத்தனை வலையும் அங்கேதான் இருந்தது, பனித்துளி உட்கார்ந்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, சூரியன் உதித்த பின் இரண்டு மணி நேரம் பறவைகளுக்கு நல்லது. பட்டாம்பூச்சிக்கு வெயில் ஏற வேண்டும். கரிச்சானுக்கு மட்டும் விடியலுக்கு முன்பே எழுந்திருக்க வேண்டும், அதுதான் முதலில் கூப்பிடும்.

பைனாகுலர், கேமரா வாங்க வேண்டுமா?

ஆறு மாதத்துக்கு வேண்டாம். பிறகும் ஆசை இருந்தால் 8×42 அளவு பைனாகுலர் நல்லது. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், கை நடுக்கம் அவ்வளவாகத் தெரியாது. கேமராவைப் பற்றி என் அபிப்பிராயம் ஒன்று உண்டு: படம் எடுக்கிறவர் பறவை பறந்ததும் திரையைப் பார்க்கக் குனிகிறார், அது எங்கே போய் உட்கார்ந்தது என்று பார்ப்பதில்லை. ஒரு சாதாரண பூதக்கண்ணாடி வாங்கினால் அது நிறையக் காட்டும்.

குறிப்பு எப்படி எழுதுவது?

தேதி, நேரம், பார்த்தது, மனசில் எழுந்த கேள்வி. என் நோட்டிலிருந்து ஒன்று:

‘மாசி 12, காலை 6.50. வேம்பு பாதி உதிர்ந்துவிட்டது. காக்கை கூட்டுக்குக் குச்சி எடுக்கிறது. கீழே காய்ந்து கிடப்பதைத் தொடவில்லை, மரத்திலிருந்தே ஒடிக்கிறது. வளையும் என்பதாலா?’

அவ்வளவுதான். ஒன்றுமே இல்லாத நாளில் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதுங்கள். தகைவிலான் வந்த தேதியைச் சொல்ல வேண்டுமானால் வராத நாட்களும் எழுதியிருக்க வேண்டும்.

பெரியவர்கள் சொல்வதெல்லாம் உண்மையா?

பாதி உண்மை, பாதி பயம். சோதித்துப் பார்க்கலாம்.

‘அரணை கடித்தால் மரணம்’ என்பது தவறு. அரணைக்கு விஷமே கிடையாது, ஆளைக் கண்டால் ஓடுவதுதான் அதன் வேலை.

‘குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்’ என்பது அழகான தவறு. குளவி புழுவைத் தூக்கிவந்து மண்கூட்டில் அடைத்ததை நம் முன்னோர் பார்த்தார்கள். சில நாள் கழித்து அதே கூட்டிலிருந்து குளவி வெளியே வந்ததையும் பார்த்தார்கள். நடுவில் நடந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. குளவி புழுவைக் கொட்டி, சாகடிக்காமல் அசைவற்றுப் போகச் செய்கிறது. பக்கத்தில் தன் முட்டையை வைத்துவிட்டுக் கூட்டை மூடுகிறது. பொரித்து வரும் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்கிறது. சில குளவிகள் புழுவுக்குப் பதிலாகச் சிலந்திகளை அடைக்கும். ஓட்டை விழுந்த பழைய கூட்டை உடைத்துப் பாருங்கள், மிச்சம் மீதி உள்ளே கிடக்கும்.

தட்டான் கூட்டமாகப் பறந்தால் மழை என்பதில் விஷயம் இருக்கிறது. மழைக்காலத்தில் கூட்டம் கூட்டமாக வரும் மஞ்சள் தட்டான் மழையைத் தொடர்ந்து பயணம் செய்யும் இனம். மழைநீர் தேங்கிய குட்டையில்தான் முட்டை வைக்கும், குட்டை வற்றுவதற்குள் வளர்ந்துவிடும். இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டி ஆப்பிரிக்காவரை இவை போவதாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். நம் தலைக்கு மேல் பறக்கும் தட்டானைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கொல்லையில் களை மண்டியிருக்கிறது. எடுத்துவிடவா?

நடக்கும் பாதையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு ஒரு மூலையை மட்டும் விட்டுவைக்கலாமே. பத்தடிக்குப் பத்தடி போதும். தும்பைக்குத் தேனீ வரும். வெட்டுக்காயப் பூண்டு நம் நாட்டுச் செடி இல்லை, மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆனாலும் சின்னப் பட்டாம்பூச்சிகள் விடாமல் தேன் குடிக்கும். வேலியோரத்தில் எருக்கு இருந்தால் வெட்டாதீர்கள். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி அதில்தான் முட்டை வைக்கும். எருக்கம்பாலின் நஞ்சு புழுவின் உடம்பில் சேர்ந்துவிடுவதால் பறவைகள் அதை ஒதுக்கும். பார்த்தீனியம் மட்டும் பூக்கும் முன்பே பிடுங்குங்கள், கையுறை போட்டுக்கொண்டு.

பாம்புக்குப் பயமாக இருக்கிறதே?

பயம் நியாயமானது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நான்கையும் படத்தில் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். சாரையும் தண்ணீர்ப் பாம்பும் விஷமற்றவை. புல்லுக்குள் போகும்போது செருப்புக்குப் பதில் ஷூ, இருட்டில் டார்ச், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைக்காமை. கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். அசையாமல் இருக்கவைத்து 108-க்கு அழைத்து நேராக மருத்துவமனை.

குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் வீட்டுக்கு எடுத்துவரலாமா?

இறகு முளைத்த குஞ்சு என்றால் அது பறக்கப் பழகுகிறது. பக்கத்துக் கிளையில் தூக்கி வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. கூட்டைப் படம் எடுக்க இலையை ஒதுக்காதீர்கள், நீங்கள் விலக்கிய வழியில் காக்கை வரும். பச்சைக்கிளியைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உதவி செய்ய ஆசை என்றால் கோடையில் ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர் வைத்து, தினமும் மாற்றுங்கள்.

குழந்தைகளை எப்படிப் பழக்குவது?

பாடம் நடத்தாமல் கூட உட்கார்ந்தால் போதும். கூரை நிழலில் பொடி மண்ணில் புனல் மாதிரிக் குழி இருக்கும், அடியில் குழிநரி என்ற பூச்சி எறும்புக்காகக் காத்திருக்கும். ஒரு மணல்பொடியைத் தள்ளிவிட்டால் அது உள்ளேயிருந்து மண்ணை வீசும். அரை மணி நேரம் போவது தெரியாது. போன வருஷம் ஏழு வயசுப் பையன் ஒருவன், ‘அணில் எப்படித் தலைகீழா இறங்குது, பூனையால முடியலையே?’ என்று கேட்டான். எங்களில் யாருமே அதை யோசித்ததில்லை. அணில் பின்னங்காலின் பாதத்தைப் பின்பக்கம் திருப்பி நகத்தை மரத்தில் மாட்டிக்கொள்கிறது. பதிலை நான் உடனே சொல்லவில்லை. மூன்று ஞாயிறு பார்த்து அவனே கண்டுபிடித்தான்.

பார்த்ததை எங்காவது பதிவு செய்யலாமா?

அவசியம் செய்யுங்கள். இதற்கென்றே இணையதளங்கள் உண்டு: பறவைகளுக்கு இ-பேர்ட், எல்லா உயிருக்கும் ஐநேச்சுரலிஸ்ட். ஒரே மரத்தை வாராவாரம் பார்த்துப் பூ, காய், தளிர் பதிய சீசன்வாட்ச். தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இருந்த இடத்திலிருந்தே 15 நிமிஷம் எண்ணினால் போதும். செயலி சொல்லும் பேரை மட்டும் உடனே நம்பிவிடாதீர்கள், உங்கள் குறிப்போடு ஒப்பிடுங்கள்.

பார்க்கப் பார்க்க வருத்தம்தான் கூடுகிறது. கண்மாய் முழுக்கக் குப்பை, மரத்தை வெட்டுகிறார்கள். இதற்குப் பார்க்காமலே இருந்திருக்கலாமோ?

எனக்கும் தோன்றியிருக்கிறது. எங்கள் கண்மாயில் பாதி சீமைக்கருவேலம். மிச்சத்தில் பாலித்தீன் பை. சில ஞாயிறு யாரும் பேசாமலே திரும்பி நடந்திருக்கிறோம்.

நாலு வருஷத்துக்கு முன் தெருவில் இருந்த பூவரசை, கம்பியில் உரசுகிறது என்று பங்குனி மாதத்தில் அடியோடு வெட்டினார்கள். காக்கைக் கூடு கீழே விழுந்து முட்டை உடைந்தது. காலையில் மஞ்சளாகவும் சாயங்காலம் சிவப்பாகவும் தெரிந்த பூக்கள் அத்தனையும் தரையில். எங்களால் பதில் எதுவும் சொல்ல முடியவில்லை, கையில் எந்தக் குறிப்பும் இல்லை. அதற்குப் பிறகுதான் தெரு மரங்களுக்குத் தனி நோட்டு போட்டோம்.

அடுத்த வருஷம் வேம்பின் கிளையை வெட்ட ஆட்கள் வந்தார்கள். எதிர்வீட்டு ஆச்சி நோட்டை எடுத்துக்கொண்டு போனார். கூடு கட்டிய தேதி, முட்டை வைத்து அடைகாக்க உட்கார்ந்த தேதி, குயில் வந்துபோன தேதி எல்லாம் அதில் இருந்தன. ‘ஒரு மாசம் பொறுங்க தம்பி, கூட்டுல குஞ்சு இருக்கு, அதுல ஒண்ணு குயில் குஞ்சு’ என்றார். வந்த ஆட்களில் ஒருவர் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார். இறங்கி வந்து, கம்பியைத் தொடும் இரண்டு சின்னக் கிளையை மட்டும் கழித்துவிட்டுப் போனார்கள். மீதியை வைகாசிக் கடைசியில்தான் வெட்டினார்கள். குஞ்சுகள் அதற்கு நாலு நாள் முன்பு பறந்திருந்தன.